எஃப்ராயிம் வீட்டுச் சாமான்கள்

யுத்தம் முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்த ஓர் ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை காலை, பனி உருகிக் கூரை விளிம்புகளில் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், போலந்தின் கிழக்கு ஓரத்தில் சதுப்புக்கும் பைன் காட்டுக்கும் நடுவே நாற்பத்திரண்டு வீடுகளோடு கிடந்த மோக்ரா ஓல்ஷா என்கிற சிற்றூரில், பெலாகியா என்ற விதவையின் தையல் மிஷின், அவள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே நடந்து போனது.

அதற்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. தொழுவத்துப் பசு எழுந்திருப்பதுபோல் முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, இரும்புக் கால்களை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டு, வாசல் நிலையில் சக்கரம் இடித்துவிடாமல் உடம்பைச் சற்றுச் சாய்த்து, படி இறங்கித் தெருவுக்கு வந்து இடது பக்கம் திரும்பியது. ஊசிக்கு அடியில் பாதி தைத்த வெள்ளை உடுப்பு ஒன்று மாட்டியிருந்தது. மே மாதக் கடைசி ஞாயிறு ஊரில் பதினோரு பெண் குழந்தைகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பதினோரு உடுப்பையும் தைக்க ஒப்புக்கொண்டவள் பெலாகியா. அதில் முதல் உடுப்பு இப்போது சேற்றில் புரண்டுகொண்டு போனது.

வாயில் கவ்வியிருந்த மூன்று குண்டூசிகளையும் துப்பிவிட்டு அவள் பின்னாலேயே ஓடினாள்.

“ஏய், நில்லு! துணி சேத்துல படுது, கண்ணு தெரியலையா உனக்கு?”

மிஷின் நிற்கவில்லை. இது அவளுக்குப் பெரிய மனத்தாங்கலாக இருந்தது. யுத்தத்தின் முதல் மாதத்திலேயே கணவனைப் பறிகொடுத்த பிறகு, முப்பத்திநாலு வயதில் அவளுக்குத் துணை என்று இருந்தவை ஒரு வெள்ளாடும் இந்த மிஷினும்தான். இரண்டில் மிஷின்தான் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிஷின் கிணற்றைத் தாண்டி, வாத்துக் கூட்டத்துக்கு வழிவிட்டு நின்று, மறுபடி நடந்து, அடுத்த வீடாகத் தெருக்கோடியில் கதவும் இல்லாமல் ஜன்னலும் இல்லாமல் ஆறரை வருஷமாகக் காலியாகக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்தது. ஜன்னல் இருந்த ஓட்டைக்குக் கீழே, வெளிச்சத்தைப் பார்த்தபடி, நாலு காலையும் ஊன்றி நின்றது. பிறகு அசையவில்லை. பெலாகியா இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். தரையில் பலகைகளுக்கு நடுவே நாலு சின்னப் பள்ளங்கள் இருந்தன. மிஷினின் நாலு கால்களும் அந்த நாலு பள்ளங்களில் அச்சாகப் பொருந்தியிருந்தன. அதைப் பார்த்த பிறகு அவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள்.

அது தையல்காரர் எஃப்ராயிமின் வீடு. ஊரில் இருந்த ஒரே யூதக் குடும்பம். எஃப்ராயிம், அவர் மனைவி ஹிந்தா, டோபா என்று ஒரு பெண், அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். மோக்ரா ஓல்ஷாவில் கல்யாணத்துக்குக் கோட்டு போட்டவன் எவனும் எஃப்ராயிம் தைத்த கோட்டைத்தான் போட்டான். வயதாகிப் பருத்த பின் அதே கோட்டை அவரிடமே கொண்டுபோய் அகலப்படுத்திக்கொண்டான். நாற்பத்திரண்டாம் வருஷம் அக்டோபரில் ஒரு நாள் ஜெர்மன்காரர்கள் குதிரைவண்டியோடு வந்து அந்தக் குடும்பத்தை ஏற்றிப் போனார்கள். வண்டி டவுனுக்குப் போனது, டவுனில் இருந்து மாடு ஏற்றும் பெட்டிகளோடு ரயில் போனது, ரயில் போன இடத்தில் இருந்து யாரும் திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் ஊர் அந்த வீட்டுக்குப் போனது. “அவனுங்க கைக்குப் போறதுக்கு நம்ம கையில பத்திரமா இருக்கட்டுமே” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஒருவர் மெத்தையை எடுத்தார், ஒருவர் மேஜையை எடுத்தார், கடைசியில் வந்தவர் வேறு எதுவும் மிச்சமில்லாததால் கதவைக் கழற்றினார். முதல் வருஷம் ‘பத்திரமா வச்சிருக்கோம்’ என்றார்கள். இரண்டாம் வருஷம் ‘வச்சிருக்கோம்’ என்றார்கள். மூன்றாம் வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை, சாமான்கள் அந்தந்த வீட்டுச் சாமான்கள் ஆகிவிட்டன.

எல்லோருக்கும் முன்னால், தள்ளுவண்டியோடு, முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவள் பெலாகியா.

புதன்கிழமை மற்ற சாமான்களும் கிளம்பின.

வெரோனிகா துட்காவின் வீட்டில் இருந்து பெரிய ஓக் அலமாரி புறப்பட்டது. வெரோனிகா ஊரிலேயே சுத்தமான பெண், குரலும் ஊரிலேயே பெரியது. அலமாரி நடுத்தெருவில் நின்று, இரண்டு கதவையும் திறந்து, அவளுடைய படுக்கை விரிப்புகளையும் உள்பாவாடைகளையும் ஒவ்வொன்றாக வேலியின் மேல் மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தன் வழியே போனது. ஊர்த்தலைவர் ஹிலாரி சோபோட்காவின் வீட்டில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தபோது, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் மேஜையில் இருந்து இறங்கிக் கொதிக்கக் கொதிக்க நடந்து போனது. சோபோட்கா மீசையைத் தடவிக்கொண்டு, “துலக்கறதுக்கு அனுப்பியிருக்கேன்” என்றார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டு ஸ்பூன்களும் அன்று காலைதான் துலக்கப் போயிருந்தன.

போகிற ஒவ்வொரு சாமானும் பட்டப்பகலில், தெரு நடுவில், எல்லோரும் பார்க்கப் போனதுதான் ஊருக்குச் சங்கடம். யார் வீட்டில் இருந்து எது வெளியே வருகிறது என்பதை வேலிக்கு வேலி நின்று ஜனம் பார்த்தது. “அந்தத் தாமிரச் சட்டி உங்க மாமியார் சீதனம்னு சொன்னே?” என்று ஒருத்தி கேட்க, “நீ சொன்ன இஸ்திரிப்பெட்டி எங்கே, பக்கத்து ஊர்ச் சந்தையில வாங்கினது?” என்று இன்னொருத்தி கேட்க, கேள்வி கேட்டவள் வீட்டுக்குள் இருந்தே ஒரு முக்காலி துள்ளிக் குதித்து வெளியே வர, இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள்.

தடுக்காமலும் இல்லை. துட்கா குடும்பத்தார் அலமாரியைத் திரும்பத் தூக்கி வந்து பேரி மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். மறுநாள் அலமாரி பேரி மரத்தையும் வேரோடு இழுத்துக்கொண்டு போய், எஃப்ராயிம் வீட்டு வாசலில் மரத்தை மட்டும் விட்டுவிட்டு உள்ளே போனது. ஒருவர் மெத்தையின் மேல் கல் வைத்தார். மெத்தை கல்லோடு பறந்தது. கொல்லன் க்ளெமென்ஸ் வீட்டில் இருந்து மட்டும் ஒரு வாரம் வரை ஓர் ஆணிகூட நகரவில்லை, அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “யோக்கியன் யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா? அடுத்த ஊர்த்தலைவர் நான்தான்” என்று தெருவில் நடை போட்டான். ஒன்பதாம் நாள், பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் டவுனில் அவன் வோட்காவுக்கு மாற்றிக்கொண்ட இரண்டு வெள்ளி மெழுகுவத்தித் தண்டுகள் நெடுஞ்சாலைப் புழுதியோடு வந்து சேர்ந்தன. நேரே போகாமல் கொல்லன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஒரு பார்வை பார்ப்பதுபோல் சற்றுச் சாய்ந்து, பிறகுதான் போயின. க்ளெமென்ஸ் அதற்குப் பிறகு பதவி பற்றிப் பேசவில்லை.

பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதைப் பற்றி என்ன சொல்வார் என்று ஊரே ஞாயிறு பூசைக்குத் திரண்டு போனது. சாமியார் ஐந்து ரொட்டி இரண்டு மீனைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவர் அறையில் சுவரில் கடிகாரம் தொங்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்ததை எல்லோரும் அறிவார்கள். அதனால் யாரும் குறை சொல்லவில்லை. பிறகு டவுனில் இருந்து சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். ஒரு நாற்காலி அவரைத் தாண்டிப் போவதைக் கண்ணால் கண்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, சர்க்காருக்கு எழுதவேண்டிய தாளில் ‘பலத்த காற்று’ என்று எழுதி, ஊர்த்தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மாதத்தில் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. எதிரே மரச்சாமான் வந்தால் வண்டிக்காரன் ஓரம் ஒதுங்கவேண்டும் என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. மரக்கரண்டியால் சூப் குடித்தார்கள், வைக்கோலில் படுத்தார்கள், வைக்கோலில் தூக்கம் நன்றாக வருகிறது என்று சிலர் வெளிப்படையாகவும் பலர் ரகசியமாகவும் சொன்னார்கள்.

பெலாகியாவுக்குத்தான் அந்த வசதி இல்லை. பதினோரு உடுப்பு இருந்தது, நாள் நெருங்கியது, மிஷின் இல்லாமல் முடியாது, மிஷினோ நகராது. எனவே அவள் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் எஃப்ராயிமின் வீட்டுக்குப் போய், அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தைத்தாள். அங்கே மிஷின் முன்னைவிட நன்றாக ஓடியது; அது அவளுக்கு இன்னும் வருத்தத்தைக் கொடுத்தது.

அவள் தைத்துக்கொண்டிருக்க, அவளைச் சுற்றி அந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. மேஜை வந்து நடுவில் நின்றது. நாற்காலிகள் வந்து மேஜையைச் சுற்றிக்கொண்டன: நாலு பெரிது, ஒன்று கால் உயரமாகச் செய்த சின்னப் பையன் நாற்காலி. சட்டிகள் ஆணிகளைத் தேடித் தொங்கிக்கொண்டன. ஒவ்வொன்று வரும்போதும் அவள் தலை நிமிராமல், “வா, அந்த மூலையில இடம் இருக்கு” என்பாள். யாரோ ஒருவரின் பன்றிக்கொட்டிலில் இருந்து கதவு வந்து கீல்களில் ஏறிக்கொண்ட அன்று மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். கதவின் உள்பக்கம் பென்சிலால் கோடுகள் போட்டு மூன்று குழந்தைகளின் உயரத்தைக் குறித்திருந்தார்கள். மூத்தவளின் கடைசிக் கோடு பெலாகியாவின் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அன்று அவள் அதற்கு மேல் தைக்கவில்லை.

ஏனென்றால் அந்த உயரம் அவளுக்குத் தெரியும். அதே உயரத்தில் ஒரு தலை அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தது.

பெலாகியாவின் பக்கவாட்டு ஜன்னல் எஃப்ராயிம் வீட்டுப் பின்முற்றத்தைப் பார்த்திருக்கும். நடுவில் ஒரு வெள்ளரித் தோட்டமும் வேலியும்தான். வண்டி வந்த அன்று, சிப்பாய்கள் முன்பக்கத்தில் கத்திக்கொண்டிருக்க, ஹிந்தா பின்பக்கமாக டோபாவை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலைத் தட்டினாள். “இவளை மட்டும், பெலாகியா. இவளை மட்டும்.” யூதரை ஒளித்து வைத்தால் வீட்டில் இருக்கிற எல்லோரையும் சுடுவோம் என்று மில் சுவரில் காகிதம் ஒட்டியிருந்தார்கள், பக்கத்து ஊரில் சுட்டும் இருந்தார்கள். பெலாகியா ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். ஹிந்தா இரண்டாம் முறை தட்டவில்லை. மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, வேலியின் இடுக்கு வழியாகச் சதுப்பின் பக்கம் தள்ளிவிட்டாள். அங்கே, ஊருக்குப் பேர் கொடுத்த ஓல்ஷா மரங்கள் புதராக மண்டிக் கிடந்தன. குழந்தை ஓடியது. யார் யார் இருக்கிறார்கள், யாரைக் காணோம் என்று பிறகு சிப்பாய்கள் வந்து கேட்டபோது, “எனக்குத் தெரியாது” என்று பெலாகியா சொன்னாள். அதை இரக்கத்தால் சொன்னாளா பயத்தால் சொன்னாளா என்று அவளுக்கே விளங்கியதில்லை. இரக்கம் என்று நம்பப் பல தடவை முயன்று பார்த்திருக்கிறாள்.

மே மாதம் மூன்றாம் வாரம், பெலாகியா பத்தாவது உடுப்பின் கையைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பதினேழு வயது இருக்கும். நகரத்துப் பஞ்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் கட்டுகிற தலைத்துணி, புழுதி படிந்த செருப்பு. வலது கையை நீட்டியபடி வந்தாள். விரலில் ஓர் அங்குஸ்தான், தையல்காரர்கள் ஊசி குத்தாமல் இருக்க மாட்டிக்கொள்கிற பித்தளை உறை. முரட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பதுபோல் அது அவளை இழுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் கால் வைத்ததும் இழுப்பு நின்றது. அவள் கையை உதறிக்கொண்டாள்.

“ஏப்ரல்ல இருந்து இழுக்குது,” என்றாள். “லோட்ஸ்ல மில்லு வேலை எனக்கு. தறி பக்கம் கையைக் கொண்டுபோனா இது கிழக்குப் பக்கம் இழுக்குது. மூணு நூல் அறுந்துபோச்சு. மேஸ்திரி, ‘என்னன்னு போய்ப் பார்த்துட்டு வா’ன்னு அனுப்பிட்டார்.”

பிறகு சுற்றிலும் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். சின்னப் பையன் நாற்காலியைப் பார்த்தபோது மட்டும் அங்குஸ்தானைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பெலாகியா எழுந்து நின்றாள். ஆறரை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எத்தனையோ இருந்தன, ஒன்றுகூட வரவில்லை.

“நான் பெலாகியா,” என்றாள். “பக்கத்து வீடு. அன்னைக்கு ஜன்னலைச் சாத்தினது நான்தான்.”

“தெரியும்,” என்றாள் டோபா. “கொக்கி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு.”

“மிஷினை எடுத்ததும் நான்தான்.”

“அதுவும் தெரியுது. எண்ணெய் போட்டு நல்லாத்தான் வச்சிருக்கீங்க.” அவள் மிஷின் அருகே வந்து, ஊசிக்கு அடியில் இருந்த உடுப்பை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, தையலை நகத்தால் நெருடினாள். “ஆனா தையல் லூசா இருக்கு. எங்க அப்பா பார்த்தா பிரிச்சுடச் சொல்வார்.”

“பிரிச்சுடவா?”

“தள்ளுங்க.”

அன்று பகல் முழுவதும் டோபா தைத்தாள், பெலாகியா பிரித்தாள். மத்தியானம் உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றார்கள். சதுப்பைத் தாண்டி அந்தக் கரை ஊருக்கு ஓடினேன் என்றும், அங்கே ஒன்பது பிள்ளை பெற்ற ஒரு குடியானவப் பெண் ‘ஒன்பது என்ன, பத்து என்ன’ என்று சொல்லித் தன் பிள்ளைகளோடு படுக்கப் போட்டுக்கொண்டாள் என்றும், மூன்று குளிர்காலம் அங்கே இருந்தேன் என்றும் டோபா ஊசியில் நூல் கோக்கும் நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னாள். பெலாகியா பிரித்துக்கொண்டே கேட்டாள். ஒன்பது பிள்ளை உள்ளவளுக்கு இருந்த இடம், ஒரு வெள்ளாடு மட்டும் இருந்த தன் வீட்டில் இல்லாமல் போனதை நினைத்தபோது, பிரிக்கிற கத்தி அவள் விரலைக் கீறியது. டோபா தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவி, ஜனம் வாசலில் கூடியது. முன்னால் ஊர்த்தலைவர் சோபோட்கா, கையில் தொப்பி.

“நல்லா இருக்கியாம்மா?” என்றார். “உங்க அப்பா என் கல்யாணக் கோட்டைத் தைச்சவர். அருமையான மனுஷர்.” பிறகு தொண்டையைச் செருமினார். “நீ இங்கேயே தங்கப் போறியா?”

“இல்லை. நாளைக்குக் காலை ரயில்ல போறேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகணும்.”

கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்தது. வெரோனிகா துட்கா அலமாரி இருக்கும் திசையில் கண்ணைச் சுழற்றினாள்.

“அப்போ இந்தச் சாமான்லாம்…” என்றார் சோபோட்கா.

டோபா அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு துணி எத்தனை முழம் வரும் என்று பார்க்கிற பார்வை.

“சாமான்களைக் கேளுங்க,” என்றாள்.

மறுநாள் காலை அவள் வாசல் தாண்டித் தெருவில் இறங்கியதும், சாமான்கள் கிளம்பின. முதலில் தையல் மிஷின், பிறகு மேஜை, மேஜையைச் சுற்றி நாற்காலிகள், சின்ன நாற்காலி மற்றவற்றுக்கு ஈடுகொடுக்கக் குதித்துக் குதித்து, பிறகு அலமாரி பெரிய மனுஷி மாதிரி ஆடி அசைந்து, அதன் தலைக்கு மேல் மெத்தைகள் பறந்து, சட்டிகள், ஸ்பூன்கள், சமோவார், சுவரில் இருந்து குதித்த கடிகாரம், கடைசியில் கதவு. ஏழு கிலோமீட்டர் தூரத்து ரயிலடிக்கு அந்த ஊர்வலம் கோதுமை வயல்களுக்கு நடுவே போனது. வானம்பாடிகள் கத்தின. ஊரில் பாதி ஜனம் பின்னால் நடந்தது. ஏன் நடக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை, நின்றுவிட யாருக்கும் மனசும் இல்லை. பாதி வழியில் சோபோட்கா திடீரென்று திரும்பி வீட்டுக்கு ஓடினார். மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவர் கையில் ஒரு பையனின் மேல்சட்டை இருந்தது.

“இது உங்க அப்பாவோட கோட்டு,” என்றார். “என் மகனுக்காக வெட்டித் தைச்சுட்டோம். வெட்டினதால இதால நடக்க முடியலைன்னு நினைக்கிறேன்.” டோபா அதை வாங்கி, தையலைப் பார்க்காமல், கையில் போட்டுக்கொண்டாள்.

ரயிலடியில் ஸ்டேஷன் மாஸ்டர் வழியை மறித்து நின்றார். கடமை தவறாத மனிதர். இவ்வளவு கூட்டத்தை அவர் பயணிகள் என்று எழுதுவதா சரக்கு என்று எழுதுவதா? சரக்கு என்றால் யாராவது தூக்கி ஏற்றவேண்டும். இவை தாமாக நடந்து ஏறுகின்றன. விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, கடைசியில் முகம் மலர்ந்து, “தன் காலால நடந்து ஏறினா அது கால்நடை!” என்று தீர்ப்புச் சொல்லி, மாடுகளை ஏற்றுகிற பெட்டியைத் திறந்துவிட்டார்.

ஜனம் சிரித்தது. டோபா சிரிக்கவில்லை. அவள் அந்தப் பெட்டியின் பலகைச் சுவரையும், உயரத்தில் இருந்த சின்னக் கம்பித் துவாரத்தையும் பார்த்தபடி நின்றாள். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தான் எதைத் திறந்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. “வேற பெட்டி வரவழைக்கிறேன்மா…” என்று முணுமுணுத்தார்.

“வேண்டாம்,” என்றாள் டோபா. “கதவைத் திறந்தே வைங்க. அது போதும்.”

சாமான்கள் ஏறின. அவளும் ஏறி, திறந்த கதவருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பெலாகியா கீழே நின்றாள். விடைபெற என்ன சொல்வது என்று தெரியாமல், “அந்த ஒரு உடுப்பைக் கையால தைச்சு முடிச்சுடுவேன்” என்றாள். பத்து முடிந்திருந்தன.

“பெலாகியா,” என்றாள் டோபா. முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். “ஒண்ணு கேக்கணும். புதருக்குப் போனதும் நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா முதுகுதான் தெரிஞ்சுது. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பலை. நீங்க இந்தப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால இருந்தீங்க. அவங்க முகத்தை நீங்கதான் பார்த்தீங்க.”

பெலாகியா பார்த்திருந்தாள். ஜன்னலைச் சாத்தினாளே தவிர விலகிப் போகவில்லை. ஆனால் முகத்தைப் பற்றிப் பேச அவளுக்குத் தெரியாது; துணியைப் பற்றித்தான் தெரியும். அதனால் தெரிந்ததில் இருந்து தொடங்கினாள்.

“பழுப்புக் கம்பளி கவுன். இடது முழங்கையில ஒட்டு, நூல் கொஞ்சம் வெளிர்நிறம். முன்னால அஞ்சு பித்தான், மேல் பித்தான் போடாம இருந்துச்சு…”

எஞ்சின் ஊதியது. பெட்டி நகர்ந்தது. பெலாகியா பக்கத்திலேயே நடந்தாள். “மேலே சாம்பல் நிறச் சால்வை, ஒரு முனை நழுவி…” நடை ஓட்டமானது. “நிறுத்தாதீங்க!” என்று டோபா கையை நீட்டினாள், அங்குஸ்தான் மாட்டிய கையைப் பற்றிக்கொண்டு, பூட்ஸ் சரளைக்கல்லில் உரச, ஊர்த்தலைவரும் வெரோனிகாவும் வாய் பிளந்து நிற்க, பெலாகியா தாவிப் பெட்டிக்குள் ஏறிவிட்டாள். ஒரு நாற்காலி தானாக நகர்ந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. உட்கார்ந்தாள்.

முதல் ஸ்டேஷன் வரும்வரை சால்வையிலேயே இருந்தாள். இரண்டாவது ஸ்டேஷன் தாண்டியபோது கைகளுக்கு வந்தாள்: வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது, விரல் வெளுக்கும் அளவுக்கு. பைன் காடுகள் திறந்த கதவில் ஓடின. மூன்றாவது ஸ்டேஷனுக்கு முன்னால்தான் அவளால் முகத்துக்கு வர முடிந்தது.

“அழலை,” என்றாள். “என்னைப் பார்த்த மாதிரி இருந்துச்சு, ஆனா என்னைப் பார்க்கலை. உதடு அசைஞ்சுகிட்டே இருந்துச்சு. ஜெபம் பண்றாங்கன்னு நினைச்சேன். இல்லை. எண்ணிட்டிருந்தாங்க.”

“எதை?”

“எனக்குத் தெரியலை. ஒண்ணு, ரெண்டுன்னு. சிப்பாய் வந்து தோளைப் பிடிச்சப்பகூட நிறுத்தலை. முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணினாங்க. அப்புறம் உதடு நின்னுச்சு. தோள் ரெண்டும் கீழே இறங்குச்சு, பாரத்தை இறக்கி வச்ச மாதிரி. அதுக்கப்புறம்தான் வண்டிப் பக்கம் நடந்தாங்க.”

தண்டவாளம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. டோபா கையில் இருந்த மேல்சட்டையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

“எங்க வேலியில இருந்து ஓல்ஷா புதருக்கு முப்பத்தெட்டு காலடி,” என்றாள். “நாங்க ஓடி விளையாடுவோம். அம்மா பின்வாசல்ல நின்னு எண்ணுவாங்க.”